ஒலிக்கேற்ப அசைய வேண்டிய வளையம் துடிக்காமல் நடுங்குகிறது: பகுப்பாய்வு அமைப்புகளில் எதை முதலில் மாற்றுவது?

வளையம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் இசைத்துணுக்குக்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் சிறிய அசைவு வரைகலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். திரையின் நடுவே ஒரு வளையம் இருக்கிறது. கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய முரசு) விழும் ஒவ்வொரு முறையும் அது சட்டென விரிந்து மெல்லச் சுருங்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகள் ஹை-ஹாட்டுக்கு (ஜோடித் தாளத்தட்டு) ஏற்ப மினுங்க வேண்டும். இசையின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு, காணொளி வினாடிக்கு 25 ஃபிரேம், ஒலிக்கோப்பு 48,000 ஹெர்ட்ஸ்.

ஒலியைக் கீஃபிரேம்களாக, அதாவது ஃபிரேம்களில் பதியும் மதிப்புகளாக, மாற்ற கீஃபிரேம் அசிஸ்டன்ட் பட்டியலில் உள்ள கன்வெர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். அது உருவாக்கிய, திரையில் தெரியாத நல் (null) லேயரில் இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என எண்களைத் தாங்கும் மூன்று ஸ்லைடர்கள் வந்தன. மூன்றாவதை வளையத்தின் ஸ்கேலுடன் (அளவு) இணைத்தேன். கிக் விழும்போது ஸ்லைடர் 22 முதல் 24 வரை ஏறுகிறது, குரல் மட்டும் ஒலிக்கும் இடங்களிலும் 14 முதல் 17 வரை நிற்கிறது. அதனால் கிக்கே இல்லாத இடத்திலும் வளையம் பெருத்துப்போய் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தணிவான முதற்பகுதியிலோ அசைவே தெரியவில்லை.

நடுக்கத்தைக் குறைக்க ஸ்மூத் என்ற எக்ஸ்பிரஷனை, அதாவது மதிப்பை மென்மையாக்கும் சிறு நிரல்வரியை, போட்டுப் பார்த்தேன். நடுக்கம் அடங்கியது, ஆனால் அடி விழுவதற்கு முன்பே வளையம் வீங்கத் தொடங்குகிறது. அகலத்தைக் குறைத்தால் நடுக்கம் திரும்பிவிடுகிறது. இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை: கிக்கின் ஒலி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருந்தும், ஒன்று விட்டு ஓர் அடிக்கு வளையம் சற்றுச் சிறிதாகவே விரிகிறது. எந்த அமைப்பிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அதிர்வெண் எழுதியது:

ஒலிக்கலவை செய்பவன் என்ற முறையில் ஒலிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்திய கட்டளை அதிர்வெண்ணைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கம்போசிஷனில் கேட்கக்கூடிய நிலையில் உள்ள எல்லா ஒலிகளையும் கூட்டி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மொத்த வீச்சு எவ்வளவு என்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணுக்குள் கிக்கும் குரலும் பேஸும் ஏற்கெனவே கலந்துவிட்டன. ஆகவே அதன் பிறகு ஸ்லைடரில் எந்தக் கணக்கைப் போட்டாலும் அவற்றை மீண்டும் பிரிக்க வழியில்லை. அமைப்புகளை மாற்ற வேண்டிய இடம் கீஃபிரேமுக்குப் பின்னால் அல்ல, முன்னால்.

பார்வையாளர் கேட்கும் ஒலியும் அசைவை ஓட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பகுப்பாய்வுக்கென்று தனியாக ஒரு பிரதியை எடுத்து அதைத் தயங்காமல் சிதைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சகிக்காமல் இருந்தாலும் கவலையில்லை, அதை யாரும் கேட்கப்போவதில்லை. கட்டளை ஓடும் நேரத்தில் அந்தப் பிரதி மட்டும் ஒலிக்கும்படி மற்ற லேயர்களின் ஒலியை அணைத்துவிட வேண்டும். கீஃபிரேம்கள் வந்த பிறகு பிரதியை அணைத்து மூலத்தைத் திறந்துகொள்ளலாம்.

இசையமைத்தவரிடமிருந்து ஸ்டெம்கள், அதாவது இசையின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்த கோப்புகள், கிடைக்குமானால் அதைவிட நல்லது எதுவுமில்லை. கிக் மட்டும் உள்ள டிராக்கைப் பகுப்பாய்வு செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கிடைக்காதபோதுதான் வடிகட்ட வேண்டும். கிக்கின் உடல் ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சிக்கல் என்னவென்றால், பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் அதுவும் அதே பகுதியில்தான் வாழ்கிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்கூடச் சில நேரம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும். எனவே 100 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டேன், குரல் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பேஸ் தொடர்ந்து முழங்கும் பாடல்களில் நான் வேறொரு பாதையில் போவேன். கிக்கின் தோலில் அடிக்கும் கட்டை ஏற்படுத்தும் டக் என்ற ஒலி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. அது ஒரு சில மில்லி வினாடியே நீடிக்கும் என்பதால் அடி விழுந்த நொடியைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் அதே இடத்தில் ஸ்னேர் டிரம்மும் குரலின் மெய்யொலிகளும் வந்து நிற்கும். ஆகவே தாழ்ந்த பட்டையும் இந்தப் பட்டையும் ஒரே நேரத்தில் எழும்போது மட்டும் அதைக் கிக் என்று எடுத்துக்கொண்டால், பேஸ் தனியாக வந்தாலும் ஸ்னேர் தனியாக வந்தாலும் வளையம் ஏமாறாது. செய்முறையில் இரண்டு ஸ்லைடர்களையும் 0 முதல் 1 வரையிலான அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பெருக்கினாலே போதும்.

கட்டம்25 எழுதியது:

அதிர்வெண் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் வடிகட்டிய பிறகும் இரண்டு பிரச்சினைகள் மிஞ்சும், அவை ஒலியைச் சேர்ந்தவை அல்ல, ஃபிரேமைச் சேர்ந்தவை.

முதலில் ஒன்று விட்டு ஓர் அடி சிறுத்துப்போவது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு அரை வினாடி. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் தட்டுக்கு 12.5 ஃபிரேம். அதாவது ஓர் அடி ஃபிரேமின் தொடக்கத்திலேயே விழுந்தால் அடுத்த அடி இன்னொரு ஃபிரேமின் நட்டநடுவில் விழும். நடுவில் விழும் அடிக்கு முதல் ஃபிரேமில் பாதி நேரம் அமைதியும் பாதி நேரம் ஒலியும் கிடைக்கின்றன. அடுத்த ஃபிரேமுக்குள் கிக் தேயத் தொடங்கிவிடுகிறது. ஃபிரேமுக்கு ஓர் எண் என்று சுருக்கும் எந்தக் கருவியிலும் இப்படி ஆற்றல் இரண்டு ஃபிரேம்களுக்குள் சிதறி உச்சம் குறையும். வினாடிக்கு 24 ஃபிரேமில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம், 30 ஃபிரேமில் 15. ஃபிரேம் வீதத்தை மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நடப்பு ஃபிரேம், அதற்கு அடுத்த ஃபிரேம் இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும்படி எக்ஸ்பிரஷன் எழுதினால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரண்டாவது ஸ்மூத். அது தற்போதைய நேரத்துக்கு இருபுறமும் சமமாகப் பார்த்துச் சராசரி எடுக்கும். அகலம் 0.2 வினாடி என்றால் 0.1 வினாடி எதிர்காலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அடி விழுமுன் வளையம் வீங்குவதற்குக் காரணம் அதுதான். தட்டொலிக்குச் சமச்சீரான மென்மைப்படுத்தல் பொருந்தவே பொருந்தாது என்பது என் கருத்து. ஏறும்போது உடனே ஏற வேண்டும், இறங்கும்போது மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். ஒலிக்கருவிகளில் அட்டாக், ரிலீஸ் என்று இரண்டு தனித்தனிக் குமிழ்கள் இருப்பது இதற்காகவே.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எக்ஸ்பிரஷனில் ஓர் இடைஞ்சல் உண்டு: முந்தைய ஃபிரேமில் தான் என்ன விடை தந்தது என்பது அதற்கு நினைவிருக்காது. ஆகவே முந்தைய விடையிலிருந்து கொஞ்சம் குறை என்று எழுத முடியாது. அதற்குப் பதிலாக, வேறொரு நேரத்தின் மதிப்பைப் படிக்கும் வேல்யூ அட் டைம் மூலம் மூல ஸ்லைடரின் கடந்த 10 ஃபிரேம்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அது எத்தனை ஃபிரேம் பழையதோ அத்தனை முறை 0.8 ஆல் பெருக்கி, கிடைக்கும் எண்களில் பெரியதை விடையாக வையுங்கள். புதிய அடி விழுந்தால் அந்த ஃபிரேமிலேயே முழு உயரம் கிடைக்கும். 10 ஃபிரேம் கழிந்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். உங்கள் வேகத்துக்கு 12 அல்லது 13 ஃபிரேமுக்கு ஒருமுறை அடி விழுவதால், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வளையம் கிட்டத்தட்ட ஓய்வு நிலைக்கு வந்துவிடும். 0.9 என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சி, வளையம் எப்போதும் பாதி விரிந்தே நிற்பதுபோல் தோன்றும். இந்த எண் ஃபிரேம் வீதத்தைச் சார்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அதே வேலையை 50 ஃபிரேமுக்கு மாற்றினால் 0.8 இருந்த இடத்தில் அதன் வர்க்கமூலமான 0.894 வர வேண்டும்.

வளையம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இசையமைத்தவர் ஸ்டெம்களை அனுப்பிவிட்டார். கிக் டிராக்கை மட்டும் தனிக் கம்போசிஷனில் வைத்துக் கட்டளையை ஓட்டி, திரும்பிப் பார்க்கும் எக்ஸ்பிரஷனையும் எழுதிவிட்டேன். நடுக்கம் முழுவதும் போய்விட்டது, வளையம் உண்மையாகவே துடிக்கிறது. இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு. வளையம் ஒலிக்கு ஒரு ஃபிரேம் பின்தங்குவதுபோல் தோன்றுகிறது. மூல மிக்ஸ் வேவ் கோப்பாக இருக்க, ஸ்டெம்கள் எம்பி3 வடிவில் வந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹை-ஹாட்டும் மற்ற தாளக்கருவிகளும் குரலும் ஒரே ஸ்டெமில் இருப்பதால் கோடுகளுக்கு இன்னும் வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

மௌனஅலை எழுதியது:

பின்தங்குவதற்கு எம்பி3யே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறிது வெற்றொலி சேர்கிறது. லேம் என்ற எம்பி3 குறியாக்கியின் இயல்பான தாமதம் 576 மாதிரிகள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளிகள்; 48,000 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 48,000), திறக்கும் பக்கத்தில் இன்னும் 529. இரண்டையும் கழிக்காத மென்பொருளில் மொத்தம் 1,105 மாதிரிகள் தள்ளிப்போகும். 48,000 ஹெர்ட்ஸில் அது 23 மில்லி வினாடி, உங்கள் ஃபிரேமில் பாதிக்கும் மேல். ஸ்டெம்களை வேவ் வடிவில் கேட்டு வாங்குங்கள். அதுவரை மிக்ஸின் அலைவடிவத்தையும் கிக் டிராக்கின் அலைவடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் அடியில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்; அந்த அளவுக்கு டிராக்கை முன்னால் நகர்த்திவிடலாம்.

நேரப் பொருத்தத்தில் எவ்வளவு பிழை பொறுக்கப்படும் என்பதற்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வெளியிட்ட பிடி.1359 பரிந்துரை ஒரு நல்ல அளவுகோல். ஒலி படத்துக்கு முன்னால் சுமார் 45 மில்லி வினாடி ஓடினாலே பார்ப்பவர் கண்டுகொள்கிறார். ஒலி படத்துக்குப் பின்னால் வந்தாலோ சுமார் 125 மில்லி வினாடி வரை கண்டுகொள்வதில்லை. அதாவது படம் பின்தங்குவதுதான் உறுத்தும், முந்துவது அவ்வளவாக உறுத்தாது. 25 ஃபிரேம் காணொளியில் 45 மில்லி வினாடி என்பது ஒரு ஃபிரேமுக்குச் சற்றே அதிகம். எனவே வடிகட்டியாலோ கோப்பு வடிவத்தாலோ ஒரே ஒரு ஃபிரேம் தாமதித்தாலும் நீங்கள் எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள்.

இனி ஹை-ஹாட். ஆடியோ ஸ்பெக்ட்ரம் எஃபெக்டையோ பட்டைகளாகப் பிரிக்கும் வேறு கருவியையோ எடுத்துக்கொண்டால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது சாளரத்தின், அதாவது ஒரு முறைக்கு எடுத்து ஆராயும் ஒலித்துண்டின், நீளம். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி. கணக்கில் அதிர்வெண்ணைக் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் நீண்ட நேரத் துண்டு வேண்டும். நேரத்தைக் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் குறுகிய துண்டு வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. 48,000 ஹெர்ட்ஸில் 2,048 மாதிரிகள் எடுத்தால் 42.7 மில்லி வினாடிச் சாளரத்தில் 23.4 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். 8,192 எடுத்தால் துல்லியம் 5.9 ஹெர்ட்ஸாகக் கூர்மையாகும், ஆனால் சாளரம் 171 மில்லி வினாடியாகி நான்கு ஃபிரேம்களை ஒன்றாகக் குழைத்துவிடும். 512 எடுத்தால் நேரம் 10.7 மில்லி வினாடிக்கு இறங்கும், துல்லியமோ 94 ஹெர்ட்ஸாக மங்கிவிடும்.

இதில் உங்களுக்கு வசதியான செய்தி என்னவென்றால், ஹை-ஹாட்டுக்கு அந்த மங்கலால் நட்டமில்லை. 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அகன்ற பகுதி முழுவதும் அதன் ஆட்சிதான்; 94 ஹெர்ட்ஸ் இப்படி அப்படி இருந்தால் என்ன? ஆகவே கோடுகளுக்குக் குறுகிய சாளரத்தையும், பேஸ் சுரங்களைத் தனித்தனியாகக் காட்ட வேண்டிய வேலை எப்போதாவது வந்தால் அதற்கு நீண்ட சாளரத்தையும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்துவதால்தான் பல வேலைகளில் மேலொலி சோம்பியும் தாழொலி மழுங்கியும் தெரிகின்றன. ஆடியோ ஸ்பெக்ட்ரத்தில் ஆடியோ டியூரேஷன் என்ற அமைப்பு மில்லி வினாடியில் இதே வேலையைச் செய்கிறது. அதன் இயல்பு மதிப்பான 90 உங்கள் இரண்டு ஃபிரேமைவிட நீளம். ஹை-ஹாட்டுக்கு அதை 20 வரை இறக்கிப் பாருங்கள்.

குரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ, ஷ போன்ற ஒலிகளின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பட்டையின் கீழ் எல்லையை 6,000இல் வைத்தால் பாடகர் ஸகரம் உச்சரிக்கும் இடமெல்லாம் கோடுகள் மினுங்கும். 9,000 அல்லது 10,000க்கு மேலே தூக்கினால் இது பெரிதும் குறையும்.

அதிர்வெண் எழுதியது:

மௌனஅலை சொன்னதோடு இன்னொரு வழி. பெரும்பாலான கலவைகளில் குரலும் கிக்கும் நடுவிலும், ஹை-ஹாட் சற்று ஒரு பக்கமாகவும் இருக்கும். அப்படிப்பட்ட கோப்பில் இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்தால் நடுவில் உள்ளவை மறைந்து பக்கத்தில் உள்ளவை மட்டும் மிஞ்சும். ஆனால் இதை ஒலித் தொகுப்பு மென்பொருளில், வலது சேனலின் அலையைத் தலைகீழாக்கி இடதுடன் கூட்டித்தான் செய்ய வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தந்த இடது ஸ்லைடரிலிருந்து வலது ஸ்லைடரைக் கழிப்பது வேறு விஷயம், அங்கே கழிபடுவது அலைகள் அல்ல, அலைகளின் அளவுகள் மட்டுமே. குரலுக்கு ஸ்டீரியோ எதிரொலி போட்டிருந்தால் அந்த எதிரொலி பக்கத்திலும் மிஞ்சும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கட்டம்25 எழுதியது:

ஐடியு அளவுகோலைப் பற்றி என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். அது பேசுபவரின் உதட்டசைவையும் குரலையும் மனத்தில் கொண்டு ஒளிபரப்புக்காக வகுக்கப்பட்டது. கூர்மையான தட்டொலிக்கு ஏற்ப ஒரே ஃபிரேமில் பாயும் வடிவத்துக்கு அதே சலுகை கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். படம் மூன்று ஃபிரேம் முந்தினாலும் பரவாயில்லை என்று அந்த எண்ணைக் காட்டி ஒருவர் வாதிடலாம், ஆனால் வளையம் அடிக்கு மூன்று ஃபிரேம் முன்னதாக உச்சத்தைத் தொட்டால் எனக்கு அது அப்பட்டமாகத் தெரிகிறது. திசையில் மட்டும் உடன்படுகிறேன்: ஒரு ஃபிரேம் முந்துவது நல்லது, ஒரு ஃபிரேம் பிந்துவது கெட்டது. எனவே கடைசியில் எல்லாம் சரியாக அமைந்த பிறகு, முழு அசைவையும் ஒரு ஃபிரேம் முன்னால் தள்ளிப் பார்த்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி முடிவெடுங்கள். முன்னோட்டத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏற்றுமதி செய்த கோப்பில் பாருங்கள். கம்பியில்லா ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதமே பல ஃபிரேம் வரும்.

மௌனஅலை எழுதியது:

ஏற்கிறேன். உதட்டசைவில் வாய் திறந்த பிறகே ஒலி வருவது இயற்கை என்பதால் அங்கே கண் பொறுத்துக்கொள்கிறது. தட்டொலியில் அந்த இடைவெளி கிடையாது. 45 என்ற எல்லையை எச்சரிக்கையாகவும் 125 என்ற எல்லையை உரிமையாக அல்லாமலும் எடுத்துக்கொள்வது சரி.

முனைப்புள்ளி எழுதியது:

நான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பயன்படுத்துபவன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எக்ஸ்பிரஷன் எழுதிப் பெறும் அட்டாக்கும் ரிலீஸும் இங்கே ஒலியை எஃப்-கர்வாக (அசைவு வளைவாக) மாற்றும் கட்டளையிலேயே இருக்கின்றன என்பதை இழையைப் பின்னர் படிப்பவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். மிகக் குறைந்த அதிர்வெண், மிக உயர்ந்த அதிர்வெண் என்று இரண்டு எல்லைகள் உண்டு; இயல்பாக அவை 0 என்றும் 1,00,000 என்றும் இருப்பதால், தொடாமல் விட்டால் பட்டைப் பிரிப்பே நடக்காது. அட்டாக் 0.005 வினாடி, ரிலீஸ் 0.2 வினாடி என்பவை இயல்பு மதிப்புகள். கிக்குக்கு இவை நல்ல தொடக்கம்; நீண்டு மறையும் பேட் ஒலிக்கு அட்டாக்கையும் ரிலீஸையும் பல மடங்கு உயர்த்த வேண்டியிருக்கும். கட்டளையை ஓட்டுமுன் அந்தப் பண்புக்கு ஒரு கீஃபிரேமாவது போட்டு வளைவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை அசைக்க விரும்பினால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஓட்டாமல், ஒரு எம்ப்டியில் (வெற்றுப் பொருள்) மட்டும் ஓட்டிவிட்டு மற்றவற்றை டிரைவர் மூலம் அதனுடன் இணைப்பது நிர்வகிக்க எளிது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே இருந்துகொண்டு இந்த வசதியை விரும்புபவர்களுக்கு டிராப்கோட் சவுண்ட் கீஸ் என்ற துணைக்கருவி இருக்கிறது. ஒலிநிரலின் மேல் மூன்று பெட்டிகள் வரை வரைந்து மூன்று வெளியீடுகளைப் பெறலாம், வீழ்ச்சியின் வேகத்தையும் அங்கேயே அமைக்கலாம். சினிமா 4டியின் சவுண்ட் எஃபெக்டரும் இதே போக்கில் பெட்டி வரைந்து வேலை செய்வதுதான்.

வளையம் எழுதியது:

வேவ் கோப்புகள் வந்துவிட்டன, பின்தங்கல் நீங்கியது. கோடுகளுக்குக் கீழ் எல்லையை 9,500இல் வைத்திருக்கிறேன். ஸகரத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. இப்போது தணிவான முதற்பகுதி மட்டும் பாக்கி. அங்கே கிக் மென்மையாக அடிக்கப்படுவதால் வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே அசைகிறது. பெருக்கத்தைக் கூட்டினால் உரத்த பகுதியில் வளையம் திரையை விட்டு வெளியே போய்விடுகிறது. நடுவில் ஸ்லைடரின் பெருக்கத்தையே கீஃபிரேம் செய்வது ஒரு வழி என்று தோன்றுகிறது, வேறு ஒழுங்கான முறை உண்டா?

அதிர்வெண் எழுதியது:

உண்டு, அதே பகுப்பாய்வுப் பிரதியில் உரப்புக்கும் தணிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கும் ஒரு கம்ப்ரெசர். தணிவான பகுதி உரத்த பகுதியைவிட 12 டெசிபல் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வீச்சில் அது நான்கில் ஒரு பங்கு. உரத்த இடத்தில் வளையம் 20 சதவீதம் விரிந்தால் இங்கே 5 சதவீதம்தான் விரியும். இரண்டு பகுதிகளின் கிக்கும் எல்லைக்கோட்டுக்கு மேலே நிற்கும்படி திரெஷோல்டை இறக்கி, விகிதத்தை 4க்கு 1 என்று வைத்தால், 12 டெசிபல் வேறுபாடு 3 டெசிபலாகச் சுருங்கும். வீச்சில் அது ஏறத்தாழ 1.4 மடங்கு. தணிவு தணிவாகவே தெரியும், ஆனால் அசைவு காணாமல் போகாது. கேட்கும் ஒலிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் இசையமைத்தவர் என்னோடு பேசமாட்டார், ஆனால் இது ஓட்டுவதற்கான பிரதிதானே. கம்ப்ரெசருக்குப் பின் அல்ல, முன்னால், ஓர் அளவுக்குக் கீழுள்ள ஒலியை அடைக்கும் ஒரு கேட் வையுங்கள். இல்லாவிட்டால் அடிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இரைச்சலையும் அது தூக்கிவிடும்.

கட்டம்25 எழுதியது:

ஓட்டும் எண் சரியான பிறகு அதை எதன்மேல் எப்படிப் போடுகிறோம் என்பதிலும் பாதி வேலை இருக்கிறது. ஸ்லைடரை நேரடியாக ஸ்கேலுடன் கூட்டாமல் லீனியர் எக்ஸ்பிரஷன் வழியாக அனுப்புங்கள். உதாரணமாக, ஸ்லைடர் 8க்குக் கீழே இருந்தால் 100 சதவீதம், 22ஐத் தாண்டினால் 118 சதவீதம், இடையில் சீராக. கீழ் எல்லை மிச்ச நடுக்கத்தை விழுங்கிவிடும், மேல் எல்லை ஏதோ ஓர் அடி தறிகெட்டுப் பெரிதாவதைத் தடுக்கும். நிரப்பிய வட்டமாக இருந்தால் 118 சதவீதம் என்பது பரப்பில் 39 சதவீத அதிகரிப்பு. கண் அதைத்தான் உணரும். நீங்கள் வைத்திருப்பது வளையம் என்பதால் ஸ்கேலோடு கோட்டின் தடிமனும் சேர்ந்து பெருக்கும், அது கனத்துத் தெரியும். தடிமனை எதிர்த்திசையில் சற்றுக் குறைத்துப் பாருங்கள், விரிவு இன்னும் வேகமாகத் தோன்றும்.

ஒரு மாற்றுக்கருத்தும் சொல்லிவிடுகிறேன். கிக் ஸ்டெம் கையில் இருந்து, இசையும் மாறாத வேகத்தில் ஓடுமானால், வீச்சை அசைவாக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அடி விழும் இடங்களில் லேயர் மார்க்கர் போட்டு, கடைசி மார்க்கரிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை வைத்து நீங்களே வரைந்த ஒரு வளைவை ஓட்டலாம். அடி எங்கே என்பதை ஒலியும், அசைவு எப்படி என்பதை நீங்களும் தீர்மானிக்கிறீர்கள். விளம்பரத் துணுக்குகளில் நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். ஒலியின் வீச்சையே பின்தொடரும் வளையத்தில் உயிர் இருக்கும், ஒழுங்கு குறைவாக இருக்கும். மார்க்கர் வளையத்தில் ஒழுங்கு இருக்கும், தணிவு உரப்பு வேறுபாட்டை நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டும்.

அதிர்வெண் எழுதியது:

இதில் நான் எதிர்க்கட்சி. மனிதர் வாசித்த டிரம்மில் ஒவ்வோர் அடியின் கனமும் வேறு, அந்த வேறுபாட்டில்தான் வாசிப்பே இருக்கிறது. மார்க்கர் அதை அழித்துவிடும். இயந்திரத் தாளத்துக்கு மட்டும் உங்கள் முறையை ஏற்பேன்.

நேரலை எழுதியது:

மேடை நிகழ்வுகளுக்கு டச்டிசைனர் என்ற நேரலைக் காட்சி மென்பொருளில் வேலை செய்பவன் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறேன். இங்கே எதிர்காலத்தைப் பார்க்க முடியாது என்பதால் ஒரு ஃபிரேம் முன்னால் தள்ளுவது, அடுத்த ஃபிரேமில் பெரியதை எடுப்பது போன்ற வசதிகள் கிடையாது. சாளரத்தின் ஒவ்வொரு மில்லி வினாடியும் தாமதமாகவே வந்து சேரும். ஆனால் முந்தைய விடையை நினைவில் வைக்கும் வசதி இங்கே இயல்பாகவே உண்டு: லேக் சாப் என்ற முனையில் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். ஏறும் நேரத்தை 0 என்றும் இறங்கும் நேரத்தை 0.3 வினாடி அளவிலும் வைத்துத் தொடங்குவேன்.

தட்டைத் தூண்டுகோலாகப் பயன்படுத்துபவர்கள் ஒரே எல்லைக்கோட்டை நம்ப வேண்டாம். அளவு அந்தக் கோட்டின் அருகே தத்தளித்தால் ஓர் அடி இரண்டு மூன்று அடிகளாக எண்ணப்படும். 0.6ஐத் தாண்டினால் திறந்து, 0.4க்குக் கீழே இறங்கினால்தான் மீண்டும் அடுத்த அடிக்குத் தயாராகும்படி இரண்டு கோடுகள் வேண்டும்.

வளையம் எழுதியது:

கம்ப்ரெசரும் கேட்டும் வைத்த பிரதியைப் போட்டு மீண்டும் ஓட்டினேன். முதற்பகுதியிலும் வளையம் தெளிவாக அசைகிறது, எல்லைகளை 6 என்றும் 19 என்றும் மாற்ற வேண்டியிருந்தது. கோட்டின் தடிமனைக் குறைக்கும் யோசனை அருமை. வீச்சு முறையிலேயே தொடர்கிறேன். டிரம் ஒருவர் வாசித்ததுதான்.

கடைசியாக ஒன்று. கோடுகளின் கூட்டம் முழுவதும் இசைக்கேற்ப மெல்லச் சுழல வேண்டும் என்று பேஸ் ஸ்லைடரை ரொட்டேஷனுடன் இணைத்தேன். சுழலாமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. மேலும் எக்ஸ்பிரஷன்கள் சேர்ந்ததிலிருந்து முன்னோட்டம் மிகவும் மெதுவாகிவிட்டது.

கட்டம்25 எழுதியது:

ஸ்லைடர் இறங்கும்போது கோணமும் இறங்குவதால் ஆடுகிறது. சுழற்சிக்கு ஒலி கோணத்தைத் தரக் கூடாது, வேகத்தைத் தர வேண்டும். அதாவது தொடக்கத்திலிருந்து இந்த ஃபிரேம் வரை ஸ்லைடரின் மதிப்புகளையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கோணமாக வைக்க வேண்டும். கூட்டுத்தொகை ஒருபோதும் குறையாது என்பதால் சுழற்சி உரத்த இடத்தில் விரையும், தணிந்த இடத்தில் தயங்கும், பின்னால் திரும்பாது. பிளெண்டரில் அடிட்டிவ் என்ற தெரிவு இதைத் தானே செய்கிறது. இங்கே எக்ஸ்பிரஷனில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு கட்டளை (லூப்) எழுத வேண்டும். 1,500ஆவது ஃபிரேமில் அது 1,500 மதிப்புகளைக் கூட்டும், எனவே பின்னால் போகப்போக இன்னும் மெதுவாகும்.

அதற்கும் உங்கள் முன்னோட்டச் சிக்கலுக்கும் ஒரே தீர்வு. திரும்பிப் பார்க்கும் கணக்கு, கூட்டும் கணக்கு எல்லாவற்றையும் ஒவ்வொரு கோட்டிலும் எழுதாமல், ஒரே நல் லேயரில் கிக், ஹாட், சுழற்சி என்று மூன்று ஸ்லைடர்களில் மட்டும் எழுதுங்கள். முடிவு பிடித்ததும் அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கன்வெர்ட் எக்ஸ்பிரஷன் டு கீஃபிரேம்ஸ் கொடுத்துவிடுங்கள். கணக்கு நின்று எண்கள் மட்டும் மிஞ்சும். எக்ஸ்பிரஷன் அழியாமல் அணைந்த நிலையில் அங்கேயே இருக்கும் என்பதால் ஒலி மாறினால் மீண்டும் திறந்துகொள்ளலாம். கோடுகள் அந்த ஸ்லைடரைப் படிக்கும்போது ஒவ்வொரு கோடும் தன் வரிசை எண்ணுக்கு ஏற்ப ஒரு ஃபிரேமில் சிறு பின்னம் பிந்திப் படித்தால், மினுக்கம் எல்லாக் கோடுகளிலும் ஒரே நேரத்தில் வெடிக்காமல் வளையத்தைச் சுற்றி ஓடும்.

வளையம் எழுதியது:

மூன்று ஸ்லைடர்களாகச் சுருக்கி மாற்றிவிட்டேன். முன்னோட்டம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது, சுழற்சியும் ஒரே திசையில் போகிறது. மினுக்கம் சுற்றி ஓடும் யோசனையில் மொத்தப் பிந்தலை நான்கு ஃபிரேமுக்குள் அடக்கியிருக்கிறேன், அதற்கு மேல் போனால் கடைசிக் கோடு அடுத்த ஹாட் அடியோடு கலந்துவிடுகிறது. ஏற்றுமதி செய்த கோப்பில் ஒரு ஃபிரேம் முந்திய வடிவமே நன்றாக இருந்ததால் அதையே அனுப்புகிறேன்.